ராக்கியப்பனின் இலவசக் குரல்

"பெரியவர் போனது நமக்கெல்லாம் பெரிய..." என்பது வரை ராக்கியப்பன் பேசியது. "தள்ளுபடி! பழைய குக்கரைக் குடுத்துட்டுப் புதுசா வாங்கிட்டுப் போங்க!" என்றது அவர் தொண்டையில் ஒட்டியிருந்த குரலி. இரண்டும் ஒரே குரல். துக்க வீடே திரும்பிப் பார்த்தது.

ஒட்டன்சத்திரம் பக்கம் கபடி ஆட்டங்களுக்கு வர்ணனை சொல்லிப் பேர் வாங்கியவர் அவர். குரல்வளையில் புற்றுநோய் வந்து அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அந்தக் குரலைத் திரும்பக் கட்டிக் கொடுத்தது குரலிச் செயலி. தொண்டைத் தசை அசைவதை, அங்கே ஒட்டிய பட்டை படித்துக்கொள்ளும். சொற்கள் சத்தமாக வெளியே வரும். காசே கிடையாது, நடுநடுவே விளம்பரம் மட்டும். ஓசியில் கிடைத்த குரலைத் திட்ட அவருக்கு மனசு வரவில்லை.

குரல் வந்ததும் மனைவி பவளக்கொடியிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குக் கீழே வெறும் தரையில் படுத்துக் கிடந்தவள் அவள். ஆனால் கட்டினவளிடம் நேருக்கு நேர் நன்றி சொல்லிப் பழக்கமில்லாத வாய். நாள் தள்ளிக்கொண்டே போனது.

துக்க வீடுகளில் பட்ட அவமானத்தில் குரலி வைத்திருந்த பலர் பட்டையைப் பிய்த்து எறிந்தார்கள். கம்பெனி விழித்துக்கொண்டு 'இதமானி'யைச் சேர்த்தது. கேட்பவரின் முகத்தைப் பார்த்து, எப்போது, எப்படிச் சொன்னால் இனிக்குமோ அப்போது மட்டும், அப்படியே பேச்சோடு கலந்து அது விளம்பரத்தைச் சொல்லும்.

ஒரு காலை ராக்கியப்பன் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனார். "பவளம், மலைமுகடு தூள் மணமும் உன் கைப்பக்குவமும் சேர்ந்தா, இன்னொரு ஜென்மமும் உன்னையே கட்டிக்கலாம்" என்றது குரலி. அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. பவளக்கொடி முகம் சிவந்து அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். அன்று அவர் குழம்பில் கறி கூடுதலாக விழுந்தது. தன்னால் முடியாததைச் செய்துகொடுத்த இயந்திரத்தை அவர் மனதார வாழ்த்தினார்.

அந்தச் சந்தோஷம் ஒரு கல்யாணப் பந்தியில் உடைந்தது. காபி வந்ததும் எதிர்வரிசைக் குரலிக்காரர் தம் மனைவியிடம், மலைமுகடு தூளில் ஆரம்பித்து இன்னொரு ஜென்மம் வரை எழுத்துப் பிசகாமல் சொன்னார். பக்கத்து வரிசையிலும் ஒருவர் அதையே சொன்னார். பவளக்கொடி புருஷனைப் பார்த்தாள்.

விஷயம் தெரிந்த மகள் தேன்மொழி அன்றே பணம் கட்டி விளம்பரத்தை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் காலை அவர் துணிந்துவிட்டார். "பவளம், ஆஸ்பத்திரித் தரையில எனக்காகப் படுத்துக் கிடந்தியே, அதை நான் மறக்கவே இல்ல. உன்னாலதான் உசுரோட இருக்கேன்."

பவளக்கொடி சிரித்தாள். "இது எந்தக் கம்பெனி மெத்தைங்க?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. பட்டையை உரித்து மேசைமேல் வைத்தார். அதே வார்த்தைகளை முதலிலிருந்து சொன்னார். உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை.

அவள் சிரிப்பு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை அந்த உதட்டையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பட்டையை எடுக்க நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊர்க்காரங்ககிட்டப் பேச அது இருக்கட்டும். எங்கிட்ட முக்கியமா ஏதாச்சும் சொல்லணும்னா, இப்படிக் கழட்டி வெச்சிட்டுச் சொல்லுங்க."