துடுப்பில்லாத் துறை

கரை புரண்டோடிய கொள்ளிடத்தின் மேல் மாலைச் செம்மை மங்கி, முழுமதி மெல்ல எழுந்துகொண்டிருந்த அந்தி வேளையில், நுரை தள்ளிய குதிரையிலிருந்து மருதந்துறையில் குதித்தான் கோளரி என்னும் வாலிப வீரன். அவன் விரலில் சோழ மன்னரின் இலச்சினை மோதிரம் மின்னியது. அதைக் காட்டினால்தான் தென்கரைக் கோட்டையின் கதவு திறக்கும். அங்குள்ள படை இன்றே புறப்படாவிட்டால், முற்றுகையில் தவிக்கும் வடகரைக் கோட்டை பகைவர் கைக்குப் போய்விடும்.

துறையில் முப்பது படகுகள் அலையில் ஆடிக்கொண்டிருந்தன. ஓடக்காரன் ஒருவனையும் காணோம்! ஓடக்காரர் தலைவனின் மகள் சேந்தி மட்டும் ஒரு படகின் விளிம்பில் அமர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தக் கருவிழிகளைக் கண்டதும் நம் வீரன் ஒரு கணம் வந்த காரியத்தை மறந்தான் என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

"அம்மணி, அவசரமாக அக்கரை சேர வேண்டும்."

"படகு இருக்கு, துடுப்பு இல்லீங்க. எல்லாத்தையும் எங்க ஆம்பளைங்க சூதாட்டக் கொட்டகையிலே வச்சுத் தோத்துட்டாங்க. ஊருக்கு உப்பு வந்து இருபது நாளாச்சு. சந்தை கலைஞ்சு போச்சு. போன வாரம் என் அக்காளுக்குப் பிரசவ வலி. மருத்துவச்சி அக்கரையிலே நின்னு கூவிக்கிட்டே இருந்தா. அக்கா போயிட்டா."

கோளரி கொட்டகைக்கு ஓடினான். வாசலில் மல்லர்கள் காவல். உள்ளே சுவரோரம் துடுப்புகள் விறகைப் போல் அடுக்கிக் கிடந்தன.

"அரச காரியமாக வந்த தங்களுக்கு இல்லாத துடுப்பா?" என்று குழைந்தான் கொட்டகைக்காரன் வயிரமேகன். "ஆனால் இங்கே எதையும் ஆடித்தான் பெற வேண்டும். தங்கள் வாளைப் பணயம் வையுங்கள்."

கோளரி ஒரு காலத்தில் வீடு வாசலையே சூதில் தொலைத்தவன்; பகடையைத் தொட்டு ஓராண்டாயிற்று. விரல்கள் துறுதுறுத்தன. உருட்டினான். வென்றான்!

அப்போதே துடுப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டிருக்க வேண்டாமா, வாசகர்களே? பாவி, புறப்படவில்லை. இன்னும் ஒரே ஓர் ஆட்டம், ஊர்த் துடுப்புகள் அத்தனையையும் மீட்டுவிடலாம் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டான். துடுப்பு போயிற்று. வாள் போயிற்று. விட்டதைப் பிடிக்கும் வெறியில் மோதிரத்தையும் கழற்றி வைத்தான். அதுவும் போயிற்று.

வயிரமேகனின் குழைவு மறைந்தது. "இதற்காகத்தானே இருபது நாளாக இந்தத் துறையை முடக்கி வைத்திருந்தேன்! உங்கள் தென்கரைக் கோட்டைக் கதவு இப்போது என் மன்னருக்குத் திறக்கும்" என்று நகைத்துவிட்டு, மோதிரத்துடன் பின்வாசல் வழியே பாய்ந்தான் அந்த ஒற்றன். அங்கே அவனுடைய படகு காத்திருந்தது. மல்லர்கள் கோளரியை வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டார்கள். ஆடிக்கொண்டிருந்த ஓடக்காரர்களில் ஒருவனாவது தலை நிமிர வேண்டுமே!

கோளரி துறைக்கு ஓடிவந்து, வெட்கத்தை விட்டு நடந்ததைச் சொன்னான். சேந்தி தெருப்பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். நெல் குத்திக்கொண்டிருந்த பெண்கள் பத்துப் பேர் உலக்கைகளோடு ஓடிவந்து படகில் ஏறினார்கள்.

கோளரி அவள் முன் மண்டியிட்டான். "உயிருள்ளவரை இனிப் பகடையைத் தொடேன்! இந்தக் கொள்ளிடத்தின் மீது ஆணை!"

"இந்த ஆத்து மேலே எங்க வீட்டு ஆம்பளைங்க போட்ட ஆணையைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு" என்ற சேந்தி, ஓர் உலக்கையை அவன் கையில் திணித்தாள். "வாயை மூடிக்கிட்டு ஏறித் துழாவுங்க."