ஒரு மார்க் போட்டால் வருவாள்

மலேசியாவின் தைப்பிங் மழைக்கு ஆள் பார்த்துப் பெய்யத் தெரியாது. அன்று மாலை ஹைக்கலின் வாசலில் ஒரு பெண்ணைத் தொப்பலாக நனைத்து நிறுத்தியிருந்தது. கையிலிருந்த ஃபைல் மட்டும் நனையவில்லை. முகத்திலிருந்த கோபமும் நனையவில்லை.

"ஹைக்கல் நீங்கதானா? உங்களைப் பார்த்துக்க வர்ற பாக் ஜம்ரிக்கு அஞ்சுக்கு ஒரு மார்க்! குளிப்பாட்டறதுக்கு ஒண்ணு, சுத்தத்துக்கு ஒண்ணு, அன்பா நடந்துக்கறதுக்கும் ஒண்ணு! அப்படி என்னதான் செஞ்சார் அந்த மனுஷர்?"

சக்கர நாற்காலியில் அமர்ந்து கைப்பேசி பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஹைக்கலின் விரலிலிருந்து திருகாணி நழுவியது. நழுவாமல் என்ன செய்யும்? இமை நுனியில் மழைத்துளி... அதற்குப் பின்னால் அந்தப் பெரிய கண்கள்...

"புவான், நான் அப்படியெல்லாம்..."

"புவான் இல்ல, சிக்! எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. சிக் ஸுரைடா."

கேட்காமலே கிடைத்த தகவல்! ஹைக்கலின் மனம் குதித்தது.

அதற்குள் பொரித்த வாழைப்பழத்தோடு அம்மா வந்துவிட்டாள். "நான்தான்மா போட்டேன். ஜம்ரி ஒண்ணாம் நம்பர் ஆளு! வெந்நீரை முழங்கையில தொட்டுப் பார்த்துட்டுத்தான் என் புள்ளைமேல ஊத்துவார். பள்ளிக்கூடத்துல ஒண்ணாவதா வந்தவனுக்குத்தானே பரிசு? அஞ்சாவதா வந்தவனுக்கா குடுக்கறாங்க?"

ஸுரைடா சிரித்துவிட்டாள். ஃபைலிலிருந்த மார்க் படிவத்தைக் கிழித்துப் போட்டாள். "மக்சிக், மூணுக்குக் கீழ போட்டா மேற்பார்வையாளர் நேர்ல வந்தே ஆகணும். அதான் இந்த மழையில..."

அவள் போன பிறகும் ஹைக்கலின் காதில் அதே வாக்கியம்தான். நேர்ல வந்தே ஆகணும்...

அடுத்த மாதப் படிவத்தை அம்மாவிடமிருந்து பிடுங்கி நிரப்பினான். ஒரு மார்க். புகார்: வேலை நேரத்தில் பாடுகிறார்.

வந்தாள்! பாக் ஜம்ரியைப் பாடச் சொல்லிக் கேட்டாள். "நல்லாத்தானே பாடறார்?"

"நீங்க இருந்தா நல்லா பாடறார்."

அதற்கடுத்த மாதமும் ஒன்று. புகார்: சாரோங் கைலியைக் கோணலாக மடிக்கிறார்.

இந்த முறை வந்தவள் சிரிக்கவில்லை. "தொடர்ந்து ரெண்டு தடவை ஒரு மார்க். திங்கட்கிழமையிலிருந்து வேற ஆள் வருவார். பாக் ஜம்ரிக்கு இனிமே இங்க வேலை இல்ல."

துண்டும் கையுமாக நின்ற பாக் ஜம்ரியின் மீசை நடுங்கியது. "எப்படி மடிக்கணும்னு சொல்லியிருந்தா மடிச்சிருப்பேனே, ஹைக்கல்... நாலு வருஷமாச்சே..."

ஹைக்கல் ஸுரைடாவைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் இவள் சிரிப்பாள். கட்டிலிலிருந்து எழவே இன்னொருவர் கை வேண்டும், இவனுக்குக் காதலா என்பாள். ஆனால் அந்தக் கை பாக் ஜம்ரியின் கை. நாலு வருடத்தில் ஒரு நாள்கூட முகம் சுளிக்காத மனிதர். மானமாவது மண்ணாவது!

"எல்லாம் பொய். அவர்மேல ஒரு குத்தமும் இல்ல. ஒரு மார்க் போட்டாத்தான் நீங்க வருவீங்க... அதான் போட்டேன். உங்களை எனக்குப் பிடிச்சுப்போச்சு, ஸுரைடா. நல்லா சிரிச்சுக்கோங்க. அவரை மட்டும் மாத்திடாதீங்க."

"ஒருத்தர் பொழப்போட விளையாடறதுக்குப் பேரு காதலா?" அவள் கண்கள் சுட்டன.

அவன் தலை குனிந்தபடியே பாக் ஜம்ரியிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் ஃபைலிலிருந்து புதுப் படிவம் வாங்கி, எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டு நீட்டினான். "இனி நீங்க இங்க வர வேண்டிய அவசியமே இல்ல."

வெளியே மழை வலுத்தது. ஸுரைடா மாற்றல் உத்தரவை மெல்லக் கிழித்தாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"நானும் ஒரு பொய்க்காரிதான்... இது என் ஏரியாவே இல்ல. எனக்குக் கமுந்திங் ஏரியா. முதல் தடவை, இந்த ஏரியாவைப் பார்க்கற தோழிக்குக் காய்ச்சல்னு அவளுக்குப் பதிலா வந்தேன்."

"அப்ப மத்த ரெண்டு தடவை?"

அவள் காது மடல் சிவந்துபோயிற்று. "அவகிட்ட... கெஞ்சி வாங்கிக்கிட்டு வந்தேன்."

பாக் ஜம்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிட்டார். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "டேய் ஹைக்கல், இந்தப் பொண்ணுக்கு எத்தனை மார்க்டா?"

"ஒண்ணும்மா!" என்று ஹைக்கல் கத்தினான். "ஒண்ணே ஒண்ணு!"