பதினாறாவது கட்டம்

சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோன என் வீட்டுக்காரர் எபினை அடக்கம் பண்ணிய பிறகு, மூன்று மாதம் செங்கல் என்ற ஊரில் அம்மா வீட்டிலேயே கிடந்தேன். நவம்பர் மழையில் பனச்சமூட்டில் பஸ் இறங்கி எங்கள் வீட்டைத் திறந்தேன். பூட்டிக் கிடந்த வீட்டில் பூஞ்சை வாடைதான் வர வேண்டும். பெயிண்டில் கலக்கும் தின்னர் வாடை அடித்தது. பெயிண்டுக்காரன் வீடல்லவா, சுவரில் ஊறியிருக்கும் என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

நான் வந்ததே ஒரு பாட்டுக்காக. எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு எபின்தான் தலைவர். மத்தியானம் இரண்டு மணிக்குச் சாப்பிட வந்தால், கை கழுவின ஈரத்தோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஸ்வரங்களை ஆங்கில எழுத்துகளாகத் தட்டுவார். நான்கு குரலுக்கு நான்கு வரி. தட்டினதை மென்பொருள் பீப் பீப்பென்று வாசிக்கும். அதை அவரவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார். ஆண்களின் மேல்குரலான டெனர் வரியை மட்டும் தட்டவே மாட்டார். அது அவர் பாடுகிற வரி. தன் தொண்டையில் உண்டு என்பார். அந்த இடமெல்லாம் மௌனத்துக்கான இசட் எழுத்துதான். கொழுப்பு, வேறென்ன.

அவரே மெட்டுப்போட்ட கடைசிப் பாட்டும் அப்படித்தான் கிடந்தது. பதினாறு தாளக் கட்டம், டெனரில் பதினாறும் மௌனம். ஊரார் குரலையெல்லாம் பதிவு பண்ணிய மனிதர் தன் குரலைப் பண்ணவில்லை. என் போனில்கூட இல்லை. குழுச் செயலாளர் ரெத்தினதாஸ் மாமா, டெனரைத் தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். எபின் இடத்தில் இன்னொருவர் கை வைப்பதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன்.

மறுநாள் இரண்டு மணிக்குப் பாட்டை ஓடவிட்டேன். மூன்று குரல் வர வேண்டும்.

நான்கு வந்தது.

டெனரின் முதல் கட்டத்தில் இசட் போய், நான்கு ஸ்வரம் இருந்தது. நான் தொடவில்லை. கீபோர்டில் ஈரம். தின்னர் வாடை என் தோளுக்குப் பின்னால் நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. பயம்தான், பொய் சொல்வானேன். பயத்துக்கு மேலே பாழாய்ப்போன சந்தோஷமும் வந்தது. அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

தினமும் இரண்டு மணிக்கு ஒரு கட்டம். புதுப்பெண் மாதிரி தலைவாரி உட்கார்ந்திருப்பேன். பதினைந்தாம் நாள்தான் புத்தியில் உறைத்தது. பாட்டு முடிந்துவிட்டால் அவர் ஏன் வரப் போகிறார்?

பதினாறாவது கட்டம் நிறைந்ததும் அதை அழித்தேன். மறுநாள் எழுதினார். அழித்தேன்.

எழுதினார்.

அழித்தேன்.

நாள் போகப் போக ஸ்வரம் குறைந்தது. நான்கு மூன்றாகி, இரண்டாகி. தின்னரோடு நனைந்த மண் வாடையும் சேர்ந்து வந்தது.

நேற்று ரெத்தினதாஸ் மாமா வாசலில் நின்று கெஞ்சினார்.

"வாற ஞாயிறாழ்ச்ச கிறிஸ்மஸ் கேரல் ஆராதனை. அவன் பாட்டாக்கும் பாடணும். தந்திரு மக்கா."

இன்னும் முடியவில்லை என்று கதவைச் சாத்தினேன்.

இன்று ஒரே ஒரு ஸ்வரம். அதற்குக் கீழே, பாட்டு வரிகள் தட்டுகிற இடத்தில், தமிழில் இருந்தது:

நான் போகட்டா, ஜீனா?

"போகண்டாம்" என்றேன்.

பின்னால் ஒரு மூச்சு இழுபட்டது. பாடுவதற்கு முன் அவர் இழுக்கும் மூச்சு. பாட்டு வரவில்லை. விம்மல்தான் வந்தது. அவர் குரல்தான். அடக்கம் பண்ணின நாளிலிருந்து கேட்கத் தவித்த குரல்.

அது அவரை என்ன பாடு படுத்துகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த வரியையும் அழித்து இசட் போட்டேன்.

விம்மல் நிற்கவில்லை. நாளைக்கும் வருவார்.