பரிசாக வந்த ஸ்கேன்

டாக்டர் அந்த வாக்கியத்தைச் சொல்லி ஐம்பத்துமூன்று மணி நேரம் ஆகியிருந்தது. ஹின்கே அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கார் ஏரிக்கரைச் சாலையில் வளைந்தபோது அவள் வயிற்றின் பாரம் ஒரு நொடி தாமதித்து அந்தப் பக்கமாகச் சரிந்தது. சாலை நேரானதும் மெல்ல நடுவுக்கு வந்து நின்றது. ஆறு மாத வயிறு இப்படி அசையக் கூடாது. அவள் சீட் பெல்ட்டுக்கு அடியில் கையை வைத்து அதைப் பிடித்துக்கொண்டாள். முன் சீட்டில் அவள் கணவன் வீட்ஸே மழைக்குள் உற்றுப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் மாமியார் ஆஃப்கே, மடியில் காபி பிளாஸ்க்.

குழந்தை இரண்டு நாளாக உதைக்கவில்லை என்றுதான் வியாழக்கிழமை அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஹின்கேவின் மணிக்கட்டைத் தொட்டு அதைச் சொன்னாள். திங்கட்கிழமை கணவரோடு வாருங்கள், இரண்டு நாளைக்கு வேண்டிய துணி எடுத்து வாருங்கள் என்றும் சொன்னாள்.

வீட்ஸே அப்போது ரைன் நதியில், ஜல்லி ஏற்றிய படகில் இருந்தான். அவன் குடும்பத்தில் கெட்ட செய்தியை ஃபோனில் சொல்வதில்லை. அவன் அப்பா இறந்த அன்றுகூட ஆஃப்கே அவனிடம், "என்னைக்கு வீட்டுக்கு வர்ற?" என்று மட்டும்தான் கேட்டாளாம். படகில் இருக்கிறவனுக்குப் பாரத்தைக் கொடுத்துவிட்டு இறக்கி வைக்க இடம் கொடுக்காமல் விடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. ஹின்கேவும், "என்னைக்கு வர்ற?" என்றுதான் கேட்டாள். அவளுக்கு ஏதோ ஆசை என்று நினைத்து அவன் சிரித்தான்.

வெள்ளி இரவு அவன் தனியாக வரவில்லை. ஆஃப்கேயும் அவன் தங்கை ரிக்ஸ்டும் வாசலிலேயே ஒரு உறையை நீட்டினார்கள். சனிக்கிழமை நாலு மணிக்குக் கடைத்தெரு ஸ்கேன் கடையில் பெரிய திரையில் குழந்தையைப் பார்க்க எல்லோருக்கும் சேர்த்து ஏற்பாடு. மூன்று வாரம் ஆற்றில் கிடந்த மனிதன் உறைக்குள் இருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஹின்கே வாயைத் திறந்தாள். மாமியார் அவள் கையில் ஒரு துண்டு கேக்கை வைத்தாள்.

அன்று இரவு அவன் அவள் வயிற்றின்மேல் கை வைத்துக் காத்திருந்தான். "தூங்குது போல," என்று கிசுகிசுத்தான். நாளைக்குத் திரையே சொல்லிவிடும் என்று அவள் நினைத்தாள். தான் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்கேன் கடையின் உள்ளறைக்கு ஜன்னல் இல்லை. வெனிலா மெழுகுவர்த்தி வாசனை, அதற்கு அடியில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசனை, சுவர் ஓரம் எங்கோ ஓடும் சூட்டுக் கருவியின் முனகல், எதிர்ச் சுவரில் கதவளவுக்கு ஒரு கறுப்புத் திரை. அவள் படுக்கைக்கும் திரைக்கும் நடுவில் நீளமான சோபா, அதன் முதுகு அவள் பக்கம். தோழி மார்லுஸ் முன்னமே வந்து ஒரு ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

"காலை மடக்கு ரிக்ஸ்ட், நான் எங்க உக்காரட்டும்?"

"அம்மா, குடைக்கும் பிளாஸ்குக்கும் தனித்தனியா இடம் போட்டது நீங்கதான்."

"மூக்கு மட்டும் வீட்ஸே மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க," என்றாள் மார்லுஸ். "மனசைத் தேத்திக்கணும்."

"உன் மூக்குக்கு என் மூக்கு எவ்வளவோ மேல்."

படம் பிடிக்கிற பெண் சின்ன வயதுக்காரி. ஹின்கே அவள் சட்டைக் கையைப் பிடித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள், தணிந்த குரலில்.

"பயப்படாதீங்க. ஜெல்லை நல்லா சூடு பண்ணித்தான் வச்சிருக்கேன்."

விளக்கு அணைந்தது. வெதுவெதுப்பான ஜெல் தொப்புளைச் சுற்றிப் பரவியது. கைக்கருவி இடுப்பெலும்பு வரை இறங்கி, மேலேறி, மறுபடி இறங்கியது. திரையில் சாம்பல் நிறம் புகைபோல் சுழன்றது. அந்தப் பெண் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள், பிறகு பேச்சைக் குறைத்தாள், பிறகு நிறுத்திவிட்டாள். இதோ, என்று ஹின்கே நினைத்தாள். கண்ணை மூடினாள்.

டுப். டுப். டுப்.

அறை முழுக்க அந்தச் சத்தம். வேகமாக, உரக்க. கண்ணைத் திறந்தாள். கதவளவு திரையில் ஒரு குழந்தை காலை நீட்டி மடக்கியது.

"ஐயோ, பாருடா," என்றாள் ஆஃப்கே. குரல் உடைந்திருந்தது. "உங்கப்பா இதைப் பார்க்கலையே."

வீட்ஸேயின் பின்கழுத்து சிவந்திருந்தது. ஹின்கேவின் கண்ணில் நீர் கோத்தது. டாக்டர் தவறாகச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிகளில் தவறு நடப்பதில்லையா? உயிரோடு இருக்கிறது. இதோ காலை உதைக்கிறது. இன்னொரு தடவை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அந்த உதை உள்ளே எங்கே படுகிறது என்று தேடினாள்.

எங்கும் படவில்லை.

திரையில் கால் நீண்டது. வயிறு அசையவில்லை. மறுபடி நீண்டது. ஈர மணல் மூட்டைபோல அது இடது பக்கம் சாய்ந்தே கிடந்தது.

"கொஞ்சம் ஜெல் போட்டுக்கறேன்," என்று அந்தப் பெண் கைக்கருவியைத் தூக்கினாள்.

படம் போகவில்லை.

ஜெல் புட்டியை எடுத்த கை அந்தரத்தில் நின்றது. அவள் தன் இன்னொரு கையில் இருந்த கருவியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். டுப் டுப் டுப். கருவியை மெதுவாக, சத்தம் வராமல், அதன் கொக்கியில் மாட்டினாள். குழந்தை கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டது.

"சூப்புது, சூப்புது," என்றாள் ரிக்ஸ்ட். "அண்ணா, நீ ஏழு வயசு வரைக்கும் சூப்பினே, ஞாபகமிருக்கா?"

"அஞ்சு வயசு."

"ஏழு," என்றாள் ஆஃப்கே.

அந்தப் பெண் குனிந்து ஒரு பொத்தானை அழுத்தினாள். அவள் முன்னால் இருந்த சின்னத் திரை கறுத்தது. சுவரில் இருந்தது கறுக்கவில்லை. அவள் ஹின்கேவைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுக்க மறந்த மாதிரி. பிறகு பின்னால் நகர்ந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. முதுகு சுவரில் முட்டியது.

சோபாவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் பக்கவாட்டில் இருந்த தலை அசைந்தது. நிதானமாக, கழுத்து எவ்வளவு திரும்புமோ அதற்கும் மேல் திரும்பியது. முழு முகம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள். அவை சோபாவின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போயின. மார்லுஸ். ரிக்ஸ்ட். ஆஃப்கே. வீட்ஸே. ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் நின்றன.

அவளிடம் வரவில்லை.

"நம்மளையே பாக்குதே," என்றாள் ஆஃப்கே. "வாடா தங்கம். வா. எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்."

அது கையைத் தூக்கியது. ஐந்து விரல்களும் விரிந்தன. கை அசைந்தது.

சோபாவில் நான்கு கைகள் உயர்ந்தன. நான்கும் அசைந்தன. மெதுவாக. அதன் வேகத்தில்.

"வீட்ஸே," என்றாள் ஹின்கே.

அவன் கை அசைந்தது.

"வீட்ஸே, இங்க பாரு."

டுப். டுப். மெழுகுவர்த்தி அணைந்திருந்தது. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. திரையில் கை பெரிதாகியிருந்தது. முகம் கிட்டத்தில் வந்திருந்தது. வெனிலா வாசனை போய் வேறு வாசனை வந்தது. பச்சையாக. தேங்கிய தண்ணீர் மாதிரி.

அவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். வயிறு விடவில்லை. அதன் பாரம் அவளைப் படுக்கையோடு அழுத்தியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பிய்த்தெடுத்தாள்.

"வியாழக்கிழமையே டாக்டர் சொல்லிட்டாங்க. இதயம் நின்னுபோச்சு. குழந்தை உள்ளயே செத்துப்போச்சு."

டுப் டுப் சத்தம் நின்றது.

யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. திரையில் இருந்தது திரும்பியது.