ஒன்பதாம் நம்பரின் பூட்டு

ஒன்பதாம் நம்பர் கம்ப்யூட்டரின் கீபோர்டு சூடாக இருந்தது. சுடுகிற சூடு இல்லை. யாரோ இப்போதுதான் கையை எடுத்துக்கொண்டு எழுந்து போன மாதிரி ஓர் இளஞ்சூடு. லதிகா டீச்சர் அக்கம்பக்கத்து கீபோர்டுகளையும் தொட்டுப் பார்த்தாள். கேரளத்துத் துலாம் மாத ஐப்பசி மழைக்கு அவையெல்லாம் சில்லிட்டுக் கிடந்தன.

கலெக்டர் மழை லீவு விட்டிருந்ததால் பள்ளிக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற நாற்றம், ஈரத்தோடு கலந்து கம்ப்யூட்டர் லேபுக்குள் வந்து தேங்கி நின்றது. ஓட்டிலிருந்து தண்ணீர் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானம் மூணு மணிதான், ஆனால் வானம் விளக்கு வைக்கிற நேரம் போல இருண்டுவிட்டது.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்புக்குச் செய்முறைத் தேர்வு. போன தடவை இதே ஒன்பதாம் நம்பரில் யாரோ நுழைந்து, கேள்விகளை மூணு நாள் முன்னாடியே திறந்துவிட்டார்கள். திறந்த நேரம் பதிவாகியிருந்தது. அந்த நேரத்தில் லேபில் இருந்தவள் லதிகா ஒருத்திதான். "நான் தொடவே இல்ல சிஸ்டர், என் அம்மா மேல சத்தியம்" என்று தலைமையாசிரியை முன்னால் அழுதுவிட்டாள். சிஸ்டர் பிலோமினா நம்பினதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. "இன்னொரு தடவை நடந்தா, உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுத மாட்டேன் மோளே" என்றார். ஏழு வருஷம் நாள்கூலிக்குப் பாடம் நடத்தி, இப்போதுதான் கைக்கு எட்டப்போகிற வேலை அது.

பியூன் தங்கச்சன் பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தார். "லீவு நாள்லகூட இந்தப் பெட்டிங்களைக் கட்டிக்கிட்டு அழணுமா டீச்சரே? எல்லாத்துக்கும்தான் பாஸ்வேர்டு இருக்கே?"

"அது முன்வாசல் பூட்டு சேட்டா. கம்ப்யூட்டர் கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடி, அதை எழுப்பிவிடுற குட்டி புரோகிராம் ஒண்ணு ஓடும். அந்த நேரம் பார்த்து மறிச்சா பாஸ்வேர்டே இல்லாம உள்ள பூந்துடலாம். அந்த வழிக்கும் இன்னைக்கு ஒரு பூட்டு போடுறேன்."

"திருடன் யாருன்னு தெரியாமலே பூட்டா?"

"தெரிஞ்சா இழுத்து வெச்சு நாலு அறை விடுவேன்."

அவர் சிரித்துக்கொண்டே வராந்தாவில் தேங்கின தண்ணீரைத் தள்ளப் போனார். லதிகா கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.

எட்டு கம்ப்யூட்டர் வம்பு பண்ணாமல் முடிந்திருந்தது. ஒன்பதிலும் அதே வேலைதான். புதுப் பாஸ்வேர்டை இரண்டு தடவை கேட்கும். அடிக்கிற எழுத்து திரையில் தெரியாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்கும். ஏற்றது. அணைத்து மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்டு வெள்ளைக்கோடு துடித்தது. சரி, இவன் அடங்கினான் என்று பத்தாம் நம்பர் பக்கம் திரும்பி, வலது கையால் மவுஸைப் பிடித்தாள்.

டக். டக். டக்.

மழைதான் என்று முதலில் நினைத்தாள். மழைக்கு ஏது எண்ணிக்கை? எட்டு தட்டு, ஓர் இடைவெளி, கடைசியில் ஒரு பலமான தட்டு. திரும்பிப் பார்த்தாள். ஒன்பதாம் நம்பர் பூட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தது. நாற்காலி காலி.

அவள் போட்ட பாஸ்வேர்டு எட்டு எழுத்து.

எழுந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். ஜன்னல் கொக்கிகள் போட்டபடி இருந்தன. இன்னொரு பாஸ்வேர்டு போட்டாள். இந்தத் தடவை, பிறக்காமலே போன தன் குழந்தைக்கு மனசுக்குள் வைத்திருந்த பெயர். புருஷனிடம்கூடச் சொல்லாத பெயர். ஆறு எழுத்து. அணைத்துப் போட்டு, முகத்தை வேண்டுமென்றே பத்தாம் நம்பர் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தாள்.

ஆறு தட்டு. மெதுவாக. ஒவ்வொன்றையும் கொஞ்சுகிற மாதிரி.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தைவிட அவமானம். அந்தப் பெயரை யாரோ வாயில் போட்டுச் சப்பின மாதிரி இருந்தது.

மனசில் இருப்பதையெல்லாம் படிக்கிறது என்றால், மனசுக்கே தெரியாத ஒன்றைப் போட்டால்? தனக்கே தெரியாத பாஸ்வேர்டு! கம்ப்யூட்டர் திறக்காமலே போகட்டும், ஒன்று குறைந்தால் தேர்வு நின்றுவிடாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பத்து விரலாலும் கீபோர்டைக் கன்னாபின்னாவென்று அடித்தாள். இருபது எழுத்தோ முப்பதோ. என்டரைத் தட்டினாள் பலமாக. கண்ணைத் திறந்தாள்.

மறுபடி ஒரு தடவை அடிக்கச் சொல்லிக் கேட்டது.

அட, இதை மறந்துவிட்டோமே! ஒத்துப்போகவில்லை என்று திட்டிவிட்டு விலகிக்கொள்ளும், வேறு வழி பார்க்கலாம் என்று அலுப்போடு கையை வைத்து, கண்டபடி ஓட்டிவிட்டுத் தட்டினாள்.

ஏற்றுக்கொண்டது.

முதல் எழுத்து எதுவென்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றேதான். ஓர் எழுத்து பிசகவில்லை.

ஜன்னல் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தங்கச்சன். நெற்றியை ஒட்டிவைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரே, கேட்டா தப்பா நினைக்காதீங்க. நானும் அரைமணி நேரமாப் பாக்குறேன். அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு, இடது கையால இந்தக் கம்ப்யூட்டர்ல என்னத்தைத் தட்டிக்கிட்டே இருக்கீங்க?"

அவள் தன் இடது கையைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நம்பர் கீபோர்டின் மேல் இருந்தது.

எடுத்தாள். வந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். "சேட்டா" என்றாள். "சேட்டா, கதவை உடைங்க. வந்து என் கையைப் பிடிங்க."

"தாழ்ப்பாளை நீங்கதானே போட்டீங்க? எழுந்து திறங்க டீச்சரே!"

எழுந்தாள். அந்த ஓர் அசைவு போதுமாக இருந்தது. இரண்டு கையும் தாழ்ப்பாளுக்குப் போகவில்லை. கீபோர்டுக்குப் போயின. இடுப்பை இழுத்து நாற்காலியில் உட்கார்த்தின.

அணைத்தன. போட்டன. வெள்ளைக்கோடு துடித்தது. இருபத்தேழு தட்டு. எண்ணினாள், எண்ணத்தான் முடிந்தது. திறந்தது. திங்கட்கிழமைக் கேள்விகளைத் திறந்தன. பதிவு நேரம் மூணு ஐம்பத்திரண்டு. வெளியே தங்கச்சன் கதவை முட்டினார். தேக்குக் கதவு. "டீச்சரே! டீச்சரே!"

பிறகு விரல்கள் புதுப் பாஸ்வேர்டு ஒன்று போட்டன. திரையில் எழுத்து தெரியவில்லை. அவள் விரல்களையே வெறித்துப் பார்த்தாள். அவ்வளவு வேகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. ஒத்துப்போயிற்று.

அணைத்துப் போட்டன. வெள்ளைக்கோடு துடித்தது. லதிகா "திற" என்றாள், "ஐயோ, திறந்துடு, அந்தப் பதிவை அழிக்கணும்" என்று கெஞ்சினாள். விரல்கள் கேட்டுக்கொண்டே சற்று நின்றன.

பிறகு இரண்டு கையும் நிதானமாகப் பத்தாம் நம்பர் பக்கம் திரும்பின.