பூசாத வெள்ளை

படம் காயவில்லை.

வரைந்து முடித்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. அலுமாரிக்கு மேல் பலகையோடு சாய்த்து வைத்திருந்ததை, தூசி தட்டப்போன இடத்தில் இன்பமலர் தற்செயலாகத் தொட்டாள். விரல் நீலமாக வந்தது. கார்த்திகை மாரியில் திருகோணமலையில் எதுதான் காய்கிறது, கொடியில் போட்ட உடுப்பு பூஞ்சணம் பிடிக்கிறது, நெருப்புப் பெட்டி நமுத்துப்போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் அலுமாரிக்குள் இருந்த சேலைகள் காய்ந்துதான் இருந்தன. பலகையும் காய்ந்திருந்தது. படத்தில் மட்டும், துறைமுகத்துத் தண்ணீர் இப்போதுதான் பூசினதுபோல மினுங்கிக்கொண்டிருந்தது. விரலை முகர்ந்து பார்த்தாள். வற்றுக்கடல் நேரத்து ஜெற்றியடி மணம் அடித்தது.

அவளுக்குப் படம் வரையச் சொல்லித்தந்தவை இரண்டு ஆங்கிலப் புத்தகங்கள். குவைத்தில் அவள் வேலைசெய்த வீட்டு மகள் சலித்துப்போய்க் குப்பைக்கு அனுப்பியவை. கூடவே பாதி தீர்ந்த வோட்டர் கலர் பெட்டியும் சில தூரிகைகளும் வந்தன. இரவில் உடுப்புகளுக்கு ஸ்திரிக்கை போட்டு முடித்தபிறகு, தெரியாத சொல்லுக்குப் போனில் அர்த்தம் தேடித் தேடி வாசித்தாள். அந்த வீட்டில் எல்லோரும் அவளுக்குக் கட்டளைதான் இட்டார்கள். புத்தகமும் கட்டளைதான் இட்டது, ஆனால் கத்தவில்லை. அதனாலேயே அதன்மேல் அவளுக்கு ஒரு பக்தி வந்துவிட்டது. இலேசான நிறம் முதலில், கடும் நிறம் கடைசியில். சுத்தமான தண்ணீரையே எடு. ஒன்று காயாமல் பக்கத்தில் இன்னொன்றைப் பூசாதே, கலந்துவிடும். வெள்ளையைப் பூசாதே, வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிடு. பிழையாய்ப்போனால் ஈரத் தூரிகையால் நனை, பொறு, துணியால் ஒற்றி எடு. தேய்க்காதே.

ஊருக்கு வந்தபிறகு தண்ணீரில்தான் முதல் சிக்கல் வந்தது. பைப் தண்ணீர் விடியற்காலையில் மட்டும்தான் வரும். அதைக் குடத்தில் பிடித்து மூடி வைப்பது அவளுடைய புருஷனின் அக்கா சிவாஜினி. கலியாணம் கட்டாதவள், வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுப்பவள், அந்தக் குசினியின் ராணி. தூரிகை கழுவக் குடத்தில் கை வைத்த அன்று சிவாஜினி திரும்பியும் பார்க்காமல் சொன்னாள்: “குடிக்கிற தண்ணியில தொடாதேயும் மலர். உமக்குக் கிணத்துத் தண்ணி காணும்.”

கிணற்றுத் தண்ணீர் உவர். துறைமுகத்தை ஒட்டிய வளவுகளில் எல்லாம் அப்படித்தான். அதிலே குளித்து, அதிலே உடுப்புத் தோய்த்து வளர்ந்தவளுக்கு அது சுத்தமான தண்ணீராகத்தான் தெரிந்தது. வேறு ஊர்க்காரி என்றால் ஒருவேளை யோசித்திருப்பாள்.

அந்தத் தண்ணீரில் குழைத்துத்தான் இந்தப் படத்தை வரைந்தாள். வீட்டு விறாந்தை. கதிரையில் நீல நைற்றியோடு சிவாஜினி. அவளுடைய காலடியில் வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையோடு றொஷானி, தலையை மாமியின் முழங்காலில் சாய்த்திருக்கிறாள். மாமியின் விரல்கள் அவளுடைய தலைமயிருக்குள் புதைந்து, வெள்ளை றிபன் வைத்துப் பின்னிக்கொண்டிருக்கின்றன. அப்பால் கேற், கேற்றடியில் ஒரு மான், அதற்கும் அப்பால் உள்துறைமுகமும் மலைகளும்.

அந்தக் கதிரையில் தன்னை வரையத்தான் இன்பமலர் ஆசைப்பட்டாள். றொஷானி அவளுடைய பிள்ளை. பால் குடி மறக்கும் முன்பே சிவாஜினியின் மடியில் விட்டுவிட்டு விமானம் ஏறியவள், பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது திரும்பி வந்திருந்தாள். பிள்ளை அவளிடம் தலை பின்னக் குந்தவே இல்லை. நீங்கள் இழுக்கிறீங்கள், நோகுது என்று எழும்பி ஓடிவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவளுடைய புருஷன் தவராசா படத்தைப் பார்த்துவிட்டு, அக்காவும் பிள்ளையும் அச்சாக வந்திருக்கிறார்கள் என்று மெச்சினான். அந்த மெச்சல் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

படம் அச்சாகத்தான் இருந்தது, மானைத் தவிர. பட்டணத்து மான்களுக்குப் பயம் என்பதே கிடையாது. பஸ் நிலையத்தில் படுக்கும், சந்தையில் மரக்கறிக்காரர் எறியும் கோவா இலைக்கு அடிபடும். இந்த மான் றொஷானி பள்ளிக்கூடத்தால் வரும் நேரம் பார்த்து வாழைப்பழத் தோலுக்கு வந்து நிற்கும். வரைந்ததில் அதன் ஒரு கால் கோணிப்போயிருந்தது. காயாத படம் என்றால் திருத்துவது சுகம்தானே என்று, விரல் நீலமான அன்றே இன்பமலர் துணியை எடுத்து மானை ஒற்றினாள். நனைக்கவே தேவைப்படவில்லை. ஒரே ஒற்றலில் மான் முழுதாகத் துணிக்கு ஏறிவிட்டது. அதன் புள்ளிகள் மட்டும் காகிதத்தில் நின்றன. அவை பூசாமல் விட்ட வெள்ளை. அவற்றை எடுக்க ஏலாது.

அன்று மான் வரவில்லை. றொஷானி தோலை வைத்துக்கொண்டு மம்மல் இருட்டு விழும் மட்டும் கேற்றடியில் நின்றாள்.

அடுத்த நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. விறாந்தையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இன்பமலருக்குப் பிள்ளையின் சிரிப்புக் கேட்டது. குடையோடு கேற்றடியில் நின்று, கம்பிகளுக்கு வெளியே கையை நீட்டியிருந்தாள் பிள்ளை. கையில் வாழைப்பழத் தோல் இல்லை. கீழேயும் விழுந்திருக்கவில்லை.

“ஈரமா நக்குது,” என்றாள்.

கேற்றுக்கு வெளியே தெருவும் மழையும்தான் இருந்தன. இன்பமலர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு கண்டாள். இடுப்பு உயரத்தில், மழைக்குள், வெள்ளைப் புள்ளிகள். எதிலும் ஒட்டாமல் நின்றன. நடுவில் இருந்தவை மெல்ல விரிந்தன, மெல்ல ஒடுங்கின. மூச்சு விடும் வயிறு அப்படித்தான் அசையும்.

பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். தவராசாவிடம் சொன்னபோது, குவைத் வெயில் மூளையைக் காய்ச்சிவிட்டது என்று சிரித்துவிட்டு அவன் வேலைக்குப் போனான். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் கிண்டிப் பார்க்காமல் விட்டாள்.

கிண்ட வைத்தது பள்ளிக்கூடம். அடைமழை என்று பிள்ளைகளை வேளைக்கே, மணியடிக்கும் முன்பே அனுப்பினார்கள். சிவாஜினிக்குத் தைத்து முடிக்க ஒரு கலியாணச் சட்டை இருந்ததால் இன்பமலர் முதல்தடவையாகப் பிள்ளையைக் கூட்டிவரப் போனாள். புதிதாக வந்த ரீச்சர் இன்பமலரைக் காட்டி, இது யார் என்று பிள்ளையிடம் குனிந்து கேட்டாள். றொஷானி நல்ல பிள்ளையாகக் கையைக் கட்டிக்கொண்டு, தெளிவாகப் பதில் சொன்னாள்.

“இது குவைத் அம்மா, ரீச்சர். என்ர அம்மா வீட்டில தைக்கிறா.”

பிள்ளை பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. பக்கத்தில் நின்ற தாய்மார் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேறெங்கோ பார்த்தார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் றொஷானி குடைக் காம்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அவளுடைய கையைப் பிடிக்கவில்லை. கேற்றைக் கண்டதும் நனைந்துகொண்டே ஓடி, சிவாஜினியின் காலடியில் போய்க் குந்தினாள். சிவாஜினி தையலை வைத்துவிட்டு வந்து, ஈரப் பின்னலை அவிழ்த்து, துவாயால் துடைத்து, புதிதாகப் பின்னத் தொடங்கினாள். பின்னும்போது அவள் எப்போதும் சொல்லில்லாமல் ஒரு பாட்டை முனகுவாள்.

இன்பமலர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கரண்ட் இல்லை. பட்டப்பகலிலேயே அறைக்குள் மம்மல் விழுந்திருந்தது. கூரையில் மழை இரைந்தது, பீலித் தண்ணீர் வாளிக்குள் விழுந்தது, அதற்குள்ளே சன்னமாக விறாந்தையிலிருந்து அந்த முனகல் வந்துகொண்டிருந்தது. ஐந்து வருடம் யாரோ ஒருவரின் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டுத் தன் பிள்ளைக்குக் காசு அனுப்பியவள் அவள். அனுப்பிய காசில்தான் அந்த விறாந்தைக்குச் சீமெந்து போட்டார்கள், அந்தக் கதிரை வாங்கினார்கள். சிவாஜினி கெட்டவள் அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவெல்லாம் முழித்தவள். அது இன்பமலருக்குத் தெரியும், தெரிந்ததால்தான் வெறுப்பு இன்னும் ஏறியது.

படத்தைத் திருப்பினாள். இன்னும் ஈரம்.

தூரிகையைக் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்தாள். சிவாஜினியின் வாயை நனைத்தாள். பொறுத்தாள். துணியால் ஒற்றினாள்.

முனகல் நின்றது.

மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அவள் காத்திருந்தாள். யாரும் கத்தவில்லை. கதிரைக் கால் ஒருதடவை சீமெந்தில் உரசியது. நெற்றியை ஒற்றினாள், கன்னங்களை ஒற்றினாள், கழுத்தை ஒற்றினாள். மண்ணிறமாகத் துணிக்கு ஏறி ஏறி வந்தது. முகம் இருந்த இடத்தில் காகிதம். அதிலே இரண்டு சின்னக் கண்வெள்ளைகள். மணிக்கணக்காகக் குனிந்திருந்து, பூசாமல் தப்பவிட்டவை.

அடுத்தது நைற்றி. நனைத்தாள், பொறுத்தாள், ஒற்றினாள். நீலம் வரவில்லை. இன்னும் தண்ணீர் விட்டாள். வரவில்லை. புத்தகத்தை இழுத்துப் பக்கத்தைப் புரட்டினாள். சில நீலங்கள் காகிதத்தின் நாருக்குள் இறங்கிவிடும், அவற்றை எடுக்க முடியாது, முன்பே சோதித்துப் பார் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. அதை அவள் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறாள்.

சரி, கைகள். கைகளையாவது எடுக்கவேண்டும். பிள்ளையின் தலையிலிருந்து அந்தக் கைகளை.

துணியை அழுத்தினாள். ஒற்றவில்லை. தேய்த்தாள்.

துணி கறுப்பாக வந்தது.

கைக்குக் கறுப்புப் பூசவில்லையே.

குனிந்து பார்த்தாள். காயாத படம். இத்தனை நாளாக, சுவர்ப் பக்கம் திரும்பியபடி, விரல்களின் மண்ணிறமும் தலைமயிரின் கறுப்பும் ஒன்றுக்குள் ஒன்று ஊறியிருந்தன. எங்கே மாமி முடிகிறாள், எங்கே பிள்ளை தொடங்குகிறாள் என்று பிரிக்க ஏலாது. கையோடு மயிரும் வந்திருந்தது. மயிரோடு ஒரு காது. ஒரு பக்கக் கன்னம். துணியில் அந்தக் கன்னத்தின் நிறம் இருந்தது. அவள் மூன்று நிறம் கலந்து, பார்த்துப் பார்த்துக் குழைத்த நிறம்.

நிறத்தைத் துணியிலிருந்து திரும்பக் காகிதத்தில் ஒற்றப் பார்த்தாள். சேறுதான் வந்தது.

“அம்மா…”

கதவுக்கு வெளியே. பிள்ளையின் குரல். வாய்க்குள் தண்ணீர் நிறைந்த மாதிரி.

“அம்மா, மாமியைக் காணேல்லை. ஆனா பின்னுறா.”

கதவைத் திறந்தாள்.

வெள்ளைச் சட்டை நின்றது. நனையாமல், கசங்காமல், அவள் பூசாமல் விட்டபடியே. அதற்கு மேலே பிள்ளையின் முகம் பாதி. மற்றப் பாதியில் எதிர்ச் சுவர் தெரிந்தது. அந்தப் பாதியில் ஒரு கண்வெள்ளை மட்டும். பிள்ளைக்குப் பின்னால் நீல நைற்றி. கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை, இரண்டு வெள்ளைகளைத் தவிர. அவை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. நைற்றியின் நீலக் கைகள் முன்னே நீண்டிருந்தன. மணிக்கட்டுக்கு அப்பால் வெறுமை. அந்த வெறுமைக்குள் வெள்ளை றிபன் சுழன்றது. மேலே, கீழே, உள்ளே. இல்லாத பின்னலைப் பின்னிக்கொண்டிருந்தது.

நைற்றியின் கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சீமெந்தில் நீலம் பரவியது.

“எனக்குப் பயமாக் கிடக்கு. தூக்குங்கோ அம்மா.”

குவைத் அம்மா என்று சொல்லவில்லை. அம்மா என்றாள், சிவாஜினியை மாமி என்றாள். இரண்டு கைகளையும் நீட்டினாள். இந்த ஒன்றுக்காகத்தான் இன்பமலர் இத்தனையும் செய்தாள். பாய்ந்து போய் ஒரு கையைப் பிடித்தாள்.

கை குளிர்ந்திருந்தது. ஈரமாக இருந்தது. உதறிக்கொண்டு பின்வாங்கினாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அந்த நிறம். பிள்ளையின் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

நோகுது என்று பிள்ளை சொல்லவில்லை. தன் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

“அழாதேயம்மா,” என்றாள் இன்பமலர். “அழாதே. என்ர குஞ்செல்லே. அழப்படாது.”

மிஞ்சியிருந்த கண்ணில் தண்ணீர் திரண்டது.

தொட ஏலாது. துடைக்க ஏலாது.

வழிந்தது. வழிந்த இடமெல்லாம் கன்னத்தில் ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பின்னால் றிபன் நிற்காமல் சுழன்றது. பிள்ளை அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கூப்பிட்டு, அவளுடைய கண்முன்னே நின்று, அழுது அழுது வெளுத்துக்கொண்டிருந்தது.