இரண்டாவது ரிமோட்

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் யார் யார் எங்கே இருந்தோம் என்று எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஏதோ உளறுகிறேன் என்பீர்கள். நேற்று, பட்டப்பகல், கார் ஷெட், ஷட்டர் முழுக்க ஏற்றியிருந்தது. நான் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், விளக்கப் புத்தகத்தோடு. அலாரம் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் ஸ்டீயரிங்குக்கு அடியில் மல்லாந்து, தலை வண்டிக்குள்ளும் கால்கள் வெளியிலுமாக. உங்கள் தங்கை ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில், அக்கா வண்டி ஓட்டிய காலத்தில் இவள் எப்போதும் உட்காரும் இடத்தில்.

ஓட்டுநர் சீட்டில் யாரும் இல்லை. இந்த வரியை மறக்க வேண்டாம்.

அண்ணி, அண்ணி என்று அக்காவையே சுற்றி வந்த இவள், அவர் இறந்ததிலிருந்து வீட்டு கேட்டைத் தாண்டவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அவர் வண்டியை நீங்கள் எங்களுக்குக் கொடுத்தபோது, இதிலாவது ஏறி வெளியே வருவாள் என்று நம்பினேன். ஆனால் பழைய அலாரம் ஒரு சருகு விழுந்தாலும் ஊரைக் கூட்டியது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "சார், வண்டி வெச்சிருக்கீங்களா, கைக்குழந்தை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதை அடக்க அக்காவின் ரிமோட் வேண்டும். மூடி விரிசல் விட்டு, நீல ரப்பர் பேண்டு சுற்றிய ரிமோட். நீங்களோ போனில் சொன்னீர்கள்: "அதை அவ கையிலயே வெச்சு அனுப்பிட்டேன் மாப்ள. அது இல்லாம அவ எங்கயும் போனதில்ல."

அதற்கு மேல் என்ன கேட்பது? பழைய அலாரம் பெட்டியை அடியோடு பிடுங்கச் சொல்லி, வேறு கம்பெனியில் புதிது வாங்கினேன். வீட்டுக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்தினால் இன்ஜின் ஓடத் தொடங்கிவிடும். ரிமோட் ஒன்றே ஒன்று. சீல் பிரிக்காத அட்டைப்பெட்டியிலிருந்து நானே எடுத்தேன்.

ரிமோட்டைப் பதிவு செய்து முடித்ததும், எத்தனை ரிமோட் பதிவாகியிருக்கிறதோ அத்தனை முறை ஹார்ன் அடிக்கும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

இரண்டு முறை அடித்தது.

"ஒண்ணுதானே சார் குடுத்தீங்க?"

"ஒண்ணுதான்ப்பா."

எல்லாவற்றையும் அழித்தார். திரும்பப் பதிவு செய்தார். மறுபடி இரண்டு. மூன்றாம் தரம் புத்தகத்தை என்னிடமிருந்து பிடுங்கி, தானே படித்து, வரிக்கு வரி செய்தார். இரண்டு. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடைக்குப் போன் போட்டால் வெறும் பாட்டு ஓடுகிறது.

"இந்தப் பெட்டிக்குக் கணக்கு வராது போல சார். நானும் பள்ளிக்கூடத்துல இப்படித்தான்," என்று சிரிக்கப் பார்த்தார்.

உங்கள் தங்கை திரும்பாமலே சொன்னாள். "அண்ணியோடதையும் சேர்த்துத்தான் அடிக்குது."

எலக்ட்ரீஷியன் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். பெட்டியின் வயர்களைக் கழற்றி, அதை என் மடியில் வைத்தார். பானட்டையும் திறந்து வைத்தார். "பானட் திறந்திருந்தா ஸ்டார்ட்டே ஆகாது சார். அதுக்குன்னே சுவிட்ச் இருக்கு. பயப்படாதீங்க."

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

மடியில் கிடந்த பெட்டியில், எந்த வயரும் இல்லாமல், ஒரு நீல விளக்கு இரண்டு முறை சிமிட்டியது.

இன்ஜின் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

ஓட்டுநர் சீட்டு மெல்ல, சர்ரென்று, முன்னால் நகர்ந்தது. குள்ளமானவர்கள் ஓட்டும் தூரத்துக்கு வந்து நின்றது. பின்னால் பார்க்கும் கண்ணாடி தானாகக் கீழ்நோக்கித் திரும்பியது. அக்காவின் தலைவலித் தைல வாசனை ஷெட் முழுக்கப் பரவியது.

எலக்ட்ரீஷியன் கருவிப்பையைக்கூட எடுக்காமல் ஓடினார். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாகவே அடங்கியது. பை இன்னும் இங்கேதான் கிடக்கிறது. போன் செய்தால், "நீங்களே வெச்சுக்கங்க சார்" என்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

இன்று காலை நான் பால் வாங்கிவிட்டுத் திரும்பினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே இன்ஜின் சத்தம். ஏற்றினேன். புகை முகத்தில் அறைந்தது. அந்தப் புகைக்குள், பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு உங்கள் தங்கை உட்கார்ந்திருந்தாள். உதடு நிறம் மாறியிருந்தது. இழுத்து வெளியே போட்டேன். மூச்சு வந்ததும் என்மேல் எரிந்து விழுந்தாள்.

"ஏங்க இழுத்தீங்க? வண்டி சூடாகட்டும், நீ வந்து உக்காருன்னு அண்ணிதான் கூப்பிட்டாங்க."

"எங்கடி போறதுக்கு?"

"எங்கன்னா? ரெண்டு பேரும் எப்பவும் ஒண்ணாத்தானே போவோம்."

டாக்டர் பார்த்துவிட்டுப் போனார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார். மச்சான், அக்கா நல்லவர். இவளைத் தன் தங்கையாகவே பார்த்தார். எனக்கு இப்போது பயமே அதுதான்.

பேட்டரியைக் கழற்றி மேசைக்குக் கீழே, என் காலடியில் வைத்திருக்கிறேன். புதிய ரிமோட்டை இந்த உறைக்குள் போடுகிறேன். எனக்கு அது வேண்டாம். வண்டியை நீங்களே வந்து இழுத்துக்கொண்டு போங்கள். நேற்றிலிருந்து போனை நீங்கள் எடுக்கவில்லை, அதனால்தான் கூரியர். ஒரே ஒரு கேள்விக்கு நேரில் பதில் சொல்லுங்கள்: அந்த ரிமோட்டை நிஜமாகவே அவர் கையில் வைத்தீர்களா? விரல்களை மூடிவிட்டீர்களா? நீங்களே பார்த்தீர்களா?

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை.

(உறையின் பின்புறம்)

மச்சான், ஒட்டிய பிறகு எழுதுகிறேன். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். ஷெட்டில் ஹார்ன் இரண்டு முறை அடித்தது. பேட்டரி என் காலில் இடித்துக்கொண்டு இங்கேதான் இருக்கிறது. உங்கள் தங்கை எழுந்து செருப்பைத் தேடுகிறாள். "இதோ வந்துட்டேன்" என்கிறாள், என்னிடம் அல்ல. வலது கையை இறுக்க மூடி வைத்திருக்கிறாள். விரல் இடுக்கில் நீல ரப்பர் பேண்டு தெரிகிறது.

இதைக் கொடுத்துவிட்டு அவள் பின்னால் ஓடுகிறேன். சீக்கிரம் வாங்க.